படகில் கிரில் எங்கே பொருத்துவது: இடம் பார்ப்பதிலிருந்து முதல் சமையல் வரை

படகு வாங்கிய முதல் மாதத்திலேயே பலர் கடைக்குப் போய் ஒரு கிரிலையும் (இறைச்சி, காய்கறி சுடும் சிறு அடுப்பு) வாங்கி வந்துவிடுகிறார்கள். பிறகு ஓரக் கம்பியில் எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே மாட்டுகிறார்கள். கனடாவின் சிம்கோ ஏரியில் என் படகிலும் நண்பர்கள் படகுகளிலுமாக ஆறு கிரில்களுக்கு இடம் பார்த்திருக்கிறேன். அவற்றில் நான்கை ஒருமுறையாவது கழற்றி வேறு இடத்தில் மாட்ட வேண்டியிருந்தது. நான்கிலும் தவறு ஒன்றேதான்: கிரிலை வாங்கிய பிறகு அதற்கு இடம் தேடினோம்.

இடம் முதலில், கிரிலைப் படகோடு பிடித்துவைக்கும் பிடி அடுத்து, கிரில் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இடம் முடிவானால்தான் எந்தப் பிடி வேண்டும் என்று தெரியும். பிடி தெரிந்தால்தான் எவ்வளவு எடையுள்ள, எந்தப் பக்கம் மூடி திறக்கும் கிரில் சரிவரும் என்று தெரியும்.

நான் எழுதுவது ஏறக்குறைய 5 முதல் 9 மீட்டர் நீளமுள்ள உல்லாசப் படகுகளுக்கு: பொண்டூன் (மிதக்கும் உலோகக் குழாய்கள் மேல் தட்டையான தளமும் சுற்றிலும் வேலியும் உள்ள படகு), திறந்த மோட்டார் படகு, சிறு அறை உள்ள குரூசர். பாய்மரப் படகுக்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அவர்களுக்கான தனிக் குறிப்புகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## தொடங்கும் முன்

எரிபொருள் எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என் தேர்வு புரொப்பேன் என்ற சமையல் வாயு, சிறிய 465 கிராம் சிலிண்டர். கரி வேண்டவே வேண்டாம். கரியை நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது, பொறி பறக்கும், சாம்பல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். மின்சாரக் கிரில் கரையில் கட்டி மின்இணைப்புக் கொடுத்திருக்கும்போது நல்லது. ஏரி நடுவில் அது முடியாது: 1500 வாட் கிரிலுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். சாதாரணப் படகுப் பேட்டரி அதைத் தாங்காது.

கையில் இருக்க வேண்டியவை: அளவுநாடா, குழாயின் விட்டம் அளக்கும் காலிப்பர், சிவப்பு ஒட்டுநாடா ஒரு சுருள், இரண்டு முழம் கம்பளி நூல், ஒரு மக் தண்ணீர், 10 லிட்டர் தண்ணீர்க் கேன், நீங்கள் நினைக்கும் கிரிலின் பருமனில் ஓர் அட்டைப் பெட்டி. ஏன் இவையெல்லாம் என்பது போகப்போகப் புரியும்.

அப்புறம் இரண்டு தொலைபேசி அழைப்புகள். ஒன்று, உங்கள் படகைக் கட்டி நிறுத்தும் மரீனாவுக்கு, அதாவது படகுத்துறைக்கு. துறையில் கட்டியிருக்கும்போது நெருப்புப் பற்றவைக்கவே கூடாது என்ற விதி பல மரீனாக்களில் உண்டு. அங்கே விதி அப்படியென்றால், நீங்கள் சமைக்கப்போவது நங்கூரத்தில் நிற்கும்போது மட்டும்தான். அது இடத் தேர்வையே மாற்றும். இரண்டாவது, காப்புறுதி நிறுவனத்துக்கு. கிரில் பற்றி ஏதேனும் நிபந்தனை இருந்தால் துளை போட்ட பிறகு தெரிந்து பயனில்லை.

## 1. சமைக்கும்போது படகு எப்படி நிற்கும் என்று பாருங்கள்

எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலானோர் தவறவிடுவதும் இதைத்தான். துறையில் கட்டியிருக்கும் படகில் நின்று இடம் பார்க்கிறார்கள். துறையில் காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். ஏரியில் அப்படியில்லை.

படகின் முனையிலிருந்து நங்கூரம் போட்டால் படகு தானாகத் திரும்பிக் காற்றை எதிர்நோக்கி நிற்கும். காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறும். ஆகவே முன்பக்கத்தில் கிரில் வைத்தால் அதன் புகை, சூடு, கசிந்தால் வாயு, மூன்றும் படகில் உள்ள அத்தனை பேரையும் தடவிக்கொண்டுதான் போகும். பின்மூலையில் வைத்தால் நேராகத் தண்ணீருக்கு மேல் போய்விடும். நங்கூரத்தில் நின்று சமைப்பவர்களுக்கு முதல் தேர்வு எப்போதும் பின்மூலைதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உயரமான முன்கண்ணாடியும் மேலே கூரையும் உள்ள படகில் காற்று அவற்றைத் தாண்டியதும் கீழே சுருண்டு, பின்னாலிருந்து உட்காரும் பகுதிக்குள் திரும்பி வரும். வெளியேறிய எஞ்சின் புகை திரும்பப் படகுக்குள் வருவதும் இதே காரணத்தால்தான். கம்பளி நூல் இதற்குத்தான். பின்கம்பியில் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு துண்டு கட்டி, நங்கூரத்தில் நின்று அரைமணி நேரம் கவனியுங்கள். நூல் வெளிப்பக்கமே பறந்தால் நல்லது. அடிக்கடி உள்ளே திரும்பினால், கூரையை மடக்கிவிட்டு மறுபடி பாருங்கள். என் படகில் கூரை விரித்திருந்தபோது நூல் பாதி நேரம் உள்நோக்கியே கிடந்தது. மடக்கியதும் நேரானது. அன்றிலிருந்து கூரையை மடக்காமல் நான் சமைப்பதில்லை.

மணற்கரையில் முனையை ஏற்றி நிறுத்துபவர்களுக்குக் கணக்கு வேறு. கரையின் திசைதான் படகின் திசை. காற்று எங்கிருந்தும் வரலாம். அப்படி நிற்பதே உங்கள் வழக்கமானால், கழற்றி இடம் மாற்றக்கூடிய பிடியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பின்மூலைகளுக்கும் பொருந்துமாறு பாருங்கள்.

படகுகளைப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டிக்கொண்டு நிற்கும் வழக்கமும் உண்டு. கோடைக்கால ஞாயிறுகளில் சிம்கோவில் எட்டுப் பத்துப் படகுகள் வரிசையாகக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். அப்போது பக்கக் கம்பியில் உள்ள உங்கள் கிரில் அடுத்தவர் இருக்கைக்கு மேலே தொங்கும். பக்கக் கம்பியின் நடுப்பகுதியை நான் ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## 2. பெட்ரோல் இருக்கும் இடங்களைச் சிவப்பால் குறியுங்கள்

ஒட்டுநாடாவை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி வாருங்கள். பெட்ரோல் ஊற்றும் வாய், டேங்கின் காற்றுப்போக்கி, தூக்கக்கூடிய பெட்ரோல் டேங்க், எஞ்சின் மூடி, எஞ்சின் அறையின் காற்றுத் துவாரங்கள், பேட்டரிப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துண்டு ஒட்டுங்கள்.

இவற்றில் காற்றுப்போக்கியைத்தான் பலரும் மறக்கிறார்கள். படகின் வெளிப்பக்கத்தில், ஓரத்துக்குச் சற்றுக் கீழே, விரல் நுனி அளவில் வலை போட்ட ஒரு சிறு துளையாக அது இருக்கும். வெயிலில் டேங்க் சூடாகும்போது பெட்ரோல் ஆவி அதன் வழியாக வெளியேறும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஓரத்தையொட்டித் தவழும். முழு டேங்க் நிரப்பிவிட்டு வெயிலில் போய் நங்கூரம் போட்டால், அதிகம் ஆவி வெளிவருவதும் அப்போதுதான், நாம் அடுப்பு மூட்டுவதும் அப்போதுதான்.

பல படகுகளில் பெட்ரோல் வாயும் காற்றுப்போக்கியும் பின்பக்க ஓரம் ஒன்றிலேயே இருக்கும். காற்று சொல்லும் இடமும் பெட்ரோல் இருக்கும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. இப்படி மோதினால் பெட்ரோலுக்குத்தான் மதிப்புக் கொடுக்க வேண்டும். பெட்ரோல் வாய் வலதுபக்கம் என்றால் கிரில் இடதுபின்மூலை. இரண்டு பக்கமும் வாய் உள்ள படகானால் பின்மூலையையே விட்டுவிட்டு முன்னே வாருங்கள். புகை கொஞ்சம் முகத்தில் அடிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பாய்மரப் படகுக்காரர்கள் இங்கே இன்னொன்றையும் குறிக்க வேண்டும்: பின்னால் கட்டி இழுத்து வரும் ரப்பர்ப் படகு. நங்கூரத்தில் நிற்கும்போது அது அலைந்து வந்து சரியாகக் கிரிலுக்குக் கீழே நிற்கும். அதில் ஒரு சிறு எஞ்சினும் பெட்ரோல் டேங்கும் இருக்கும். சமைக்கும் முன் அதை மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்ட ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

## 3. ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாது. தண்ணீர் மாதிரி வழிந்து, பள்ளம் பார்த்துத் தங்கும். படகில் பள்ளம் என்றால் பில்ஜ் என்று சொல்லும் அடிக்குழி. எஞ்சின் ஸ்டார்ட்டரும் பம்பும் பொறி கிளப்பக்கூடிய இடம் அது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு 465 கிராம் சிலிண்டரில் உள்ள புரொப்பேன் முழுவதும் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயு. காற்றில் வெறும் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே அது வெடிக்கும் கலவை. அதாவது ஒரே சிலிண்டர் 12 கன மீட்டர் காற்றை வெடிமருந்தாக்கப் போதும். ஆறு மீட்டர்ப் படகின் அடிக்குழி அதில் சிறு பங்குகூட வராது. கால் சிலிண்டர் கசிந்தாலே போதும்.

ஆகவே, நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் சிலிண்டர் எங்கே தொங்குமோ, அந்த உயரத்திலிருந்து ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நேராக ஏரியில் விழுந்தால் நல்ல இடம். தளத்தில் விழுந்து, ஓடி, ஏதாவது மூடியின் இடுக்கில் இறங்கினால் அது கெட்ட இடம். வாயு தண்ணீரின் பாதையை அப்படியே பின்பற்றாது, காற்றும் அதைத் தள்ளும். இருந்தாலும் எந்த இடுக்கு திறந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் அறைக்குள் இறங்கும் கதவோ ஜன்னலோ இருந்தால் அதையும் சிவப்பால் குறியுங்கள்.

பொண்டூன் படகில் தட்டையான தளத்துக்கு அடியில் குழாய்கள் மட்டும்தான். அடிக்குழி கிடையாது. வேலிக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாக வாயு வெளியேறிவிடும். கிரில் வைக்க மிக எளிதான படகு அதுதான். ஆனாலும் இருக்கைகளுக்கு அடியில் உள்ள பெட்டிகள் மூடிய இடங்கள்தானே, அவற்றில் ஒன்றில் சிலிண்டர்களை அடுக்கி வைக்காதீர்கள். உபரிச் சிலிண்டர் எப்போதும் வெளிக்காற்றில், ஓரக் கம்பியில் கட்டிய பையில், வெயில் நேரடியாக விழாத பக்கத்தில் இருக்க வேண்டும். 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது சூடேறக் கூடாது.

## 4. எரியக்கூடியது எது, கருகக்கூடியது எது

இப்போது மிஞ்சியிருக்கும் இடங்களில் நின்று மேலே பாருங்கள், பக்கவாட்டில் பாருங்கள், கீழே பாருங்கள். கூரைத் துணி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் திரை, வினைல் இருக்கை, பஞ்சு போன்ற நுரை மிதியடி, கயிறு, மிதவை. ஃபைபர் கிளாஸின் மேற்பூச்சும் சூட்டில் மஞ்சளாகி, கொப்பளித்து, வெடிக்கும். பொண்டூனின் அலுமினியப் பலகை உருகாது, ஆனால் அதன் வண்ணம் உரிந்துவிடும்.

கிரிலோடு வரும் கையேட்டில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று போட்டிருக்கும். அதுதான் குறைந்தபட்சம். நான் வைத்துக்கொள்ளும் அளவு: பக்கவாட்டில் 60 செ.மீ., மேலே எதுவுமே இல்லை. கூரை 'கொஞ்சம் தள்ளித்தான்' இருக்கிறது என்பது எனக்குப் போதாது. தயிரும் எண்ணெயும் போட்டு ஊறவைத்த கோழியை நாம் வைக்கும்போது எண்ணெய் சொட்டித் தீ குபீரென்று எழும். வெறும் சாசேஜ் சுடுபவர்களுக்கு எழுதிய அளவை வைத்து நம் சமையலைக் கணக்கிட முடியாது.

எல்லா நிலையிலும் அளக்க வேண்டும் என்பதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். கூரை விரித்திருக்கும் நிலையில் அளந்தேன், கிரிலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருந்தது. பொருத்தினேன். முதல் சமையலன்று, மேலே சொன்னபடி கூரையை மடக்கினேன். மடக்கிய கூரை அதன் சட்டத்தோடு பின்னால் சாய்ந்து, கிரிலுக்குச் சரியாக 40 செ.மீ. மேலே வந்து நின்றது. கவனிக்காமல் பற்றவைத்துவிட்டேன். துணி உறையின் ஓரம் கருகி, உள்ளே இருந்த ஜிப் உருகிப்போனது. தீப்பிடிக்கவில்லை. மகள் வாசனை பிடித்துச் சொன்னதால் அத்தோடு நின்றது. புதிய உறைக்கு அந்தக் கிரிலைவிட அதிகம் செலவானது.

ஆகவே கூரையை விரித்து அளங்கள், மடக்கி அளங்கள், இழுத்துச்செல்லும் நிலைக்குச் சாய்த்து அளங்கள். சாய்ந்து படுக்கும் இருக்கை இருந்தால் அதையும் முழுதாகச் சாய்த்து அளங்கள். தூண்டில்கள் செருகியிருக்கும் நிலையில் ஒருமுறை, நீச்சல் மிதவைகள் கட்டியிருக்கும் நிலையில் ஒருமுறை.

சுற்றிலும் திரை போட்டு மூடிய படகுக்குள் சமைக்கவே கூடாது. மழை வருகிறதே என்று திரையை இறக்கிவிட்டுக் கிரிலைத் தொடர்ந்து எரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலை சுற்றுவதைக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். மழை வந்தால் அடுப்பை அணையுங்கள், சாப்பாடு காத்திருக்கட்டும்.

## 5. ஆட்கள் நடக்கும் வழி

ஏணி எங்கே இருக்கிறது? குழந்தைகள் எந்த வழியாகத் தண்ணீருக்குள் குதிக்கிறார்கள், எந்த வழியாக ஏறுகிறார்கள்? ஈரக்காலோடு ஏறும் குழந்தை வழுக்கினால் கை எதைப் பிடிக்கும்? அந்தக் கை எட்டும் தூரத்தில் கிரில் இருக்கக் கூடாது. ஏணி ஒரு பின்மூலையில் இருந்தால் கிரில் மற்றதில்.

தீப்பிடித்தால் எல்லோரும் ஓடும் வழியும் அதுவேதான். சமைப்பவர் கிரிலுக்கும் ஓரக் கம்பிக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளாமல், ஓர் அடி பின்னால் வைத்தால் வெளியே வந்துவிடும்படி நிற்க வேண்டும். நீங்களே அந்த இடத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போய்ப் பாருங்கள். எதிலாவது இடறினால் அந்த இடம் சரியில்லை.

தீயணைப்பானைக் கிரிலுக்குப் பின்னால் மாட்டாதீர்கள். எடுக்கத் தீயைத் தாண்டிக் கை நீட்ட வேண்டிவரும். இரண்டு மூன்று அடி தள்ளி, விலகி ஓடும் பாதையில் மாட்டுங்கள். கனடாவில் எண்ணிக்கையையும் பாருங்கள்: 6 மீட்டரைத் தாண்டி 9 மீட்டர் வரையுள்ள மோட்டார் படகுக்கு ஒரு 5பிசி (5BC: எண்ணெய், மின்சாரத் தீக்கான வகை) தீயணைப்பான் கட்டாயம். எரிபொருளில் இயங்கும் சமையல் அடுப்பு இருந்தால் இன்னொன்று வேண்டும். கிரிலையும் அடுப்பாகவே கணக்கிட்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம்: சட்டியின் விளிம்பு உங்கள் முழங்கைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே. அதற்குமேல் போனால் அலையில் படகு ஆடும்போது முகம் தீக்கு அருகில் போகும். கீழே போனால் குனிந்து நிற்க வேண்டும், பிடித்துக்கொள்ள இன்னொரு கை மிஞ்சாது.

## 6. வெளியே தொங்கவா, உள்ளே நிற்கவா

கிரிலைக் கம்பிக்கு வெளியே, தண்ணீருக்கு மேல் தொங்கவிடுவதே எனக்குப் பிடித்தது. கசிவு ஏரிக்குப் போகும், சூடு படகைத் தொடாது. ஆனால் வெளியே தொங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் படகின் அகலத்தோடு சேர்கிறது. துறைக்கு வரும்போது தூணில் முதலில் மோதுவது அதுதான்.

சிம்கோ ஏரி, ஒன்டாரியோ ஏரியிலிருந்து ஜார்ஜியன் விரிகுடா வரை 386 கி.மீ. ஓடும் ட்ரென்ட்–செவர்ன் நீர்வழியில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் நீர்ப்பூட்டுகள் வரும்: நீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்திப் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள். பூட்டுக்குள் கான்கிரீட் சுவரை ஒட்டியபடி படகு மேலே ஏறும், கீழே இறங்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிரில் சுவரில் உரசி வளைந்துவிடும். பூட்டுக்குள் தீ எரியவும் கூடாது, எஞ்சினையே நிறுத்தச் சொல்வார்கள். ஆகவே அந்த வழியில் பயணம் போகிறவர்களுக்கு நிரந்தரமாக வெளியே தொங்கும் கிரில் சரிவராது. உள்பக்கம் திருப்பக்கூடிய கை உள்ள பிடியோ, ஒரே திருகில் கழற்றி எடுக்கும் பிடியோ வேண்டும்.

வெளியே தொங்கவிட்டாலும் எண்ணெய்த் தட்டு அவசியம். கொழுப்பை ஏரியில் ஒழுகவிடாதீர்கள். தட்டு பெரிதாக, எளிதில் கழற்றும்படி இருக்கிறதா என்று கிரில் வாங்கும்போது பாருங்கள்.

இருட்டும் வரை நிற்பவர்கள் பின்விளக்கையும் கவனிக்க வேண்டும். பின்விளக்கு 135 டிகிரிக்குத் தெரிய வேண்டியது. கிரிலின் திறந்த மூடி அதை மறைத்தால் திரும்பும் பயணத்தில் பின்னால் வருபவருக்கு உங்கள் படகு தெரியாது. காம்பஸ் அருகிலும் வேண்டாம். இரும்புப் பாகங்கள் முள்ளைத் திருப்பும்.

## 7. இடம் கிடைத்துவிட்டது, பிடி எது?

இப்போதுதான் காலிப்பரை எடுக்க வேண்டும். வட்டக் கம்பி பெரும்பாலும் 22 அல்லது 25 மி.மீ. விட்டம். பொண்டூன் வேலி சதுரக் குழாய், பலவற்றில் 32 மி.மீ. கண்ணால் பார்த்து 22க்கும் 25க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. 25 மி.மீ. கவ்வியை 22 மி.மீ. கம்பியில் ரப்பர் சுற்றி இறுக்குபவர்கள் உண்டு. ரப்பர் சூட்டில் இளகும், கிரில் மெதுவாகத் திரும்பும், ஒருநாள் கோழியோடு கவிழும்.

கம்பியின் நடுவில் மாட்டாமல், தூண் தளத்தில் நிற்கும் இடத்துக்கு ஒட்டி மாட்டுங்கள். நடுவில் கம்பி நெளியும். ஒற்றைக் கவ்வியைவிட இரட்டைக் கவ்வி நல்லது. கிரில் கம்பியிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தொங்கும்போது அதன் எடை கம்பியை முறுக்குகிறது. அலையில் அந்த முறுக்கு முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கும்.

சோதிக்க வழி: 10 லிட்டர் தண்ணீர்க் கேனை, கிரில் தொங்கப்போகும் தூரத்தில் ஒரு கட்டையில் கட்டித் தொங்கவிடுங்கள். அது 10 கிலோ. சிறிய கிரில்கள் அதைவிட இலேசானவை. கேனை லேசாக ஆட்டி, தூணின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே அசைவோ, விரிசல் கோடோ தெரிந்தால் முதலில் தூணைச் சரிசெய்யுங்கள்.

தூண்டில் செருகும் குழாயில் நிற்கும் பிடியும் உண்டு. மீன்பிடிப் படகுக்காரர்களுக்கு வசதி, துளையும் போட வேண்டியதில்லை. ஆனால் குழாய் சாய்வாக இருக்கும், ஆகவே சமன் செய்யும் மூட்டு உள்ள பிடிதான் வேண்டும். குழாயை அடியிலிருந்து பார்த்து, போல்ட்டும் நட்டுமாகப் பிடித்திருக்கிறதா, வெறும் திருகாணியா என்று உறுதி செய்யுங்கள். வெறும் திருகாணியில் நிற்கும் பிளாஸ்டிக் குழாயில் கிரில் வைக்காதீர்கள்.

தளத்தில் துளை போடுவது கடைசி வழி. பல ஃபைபர் கிளாஸ் படகுகளின் தளத்துக்குள் பால்சா போன்ற இலேசான மரம் இருக்கும். துளை வழியாக நீர் இறங்கினால் அந்த மரம் உள்ளுக்குள்ளேயே அழுகும், வெளியே தெரியாது. துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊற்றி அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். அடியில் ஒரு தாங்குதகடு, சுற்றிலும் படகுகளுக்கான நீர்புகாப் பசை. இதைச் செய்யப் பொறுமை இல்லையென்றால் துளைக்காதீர்கள்.

## 8. அட்டைப் பெட்டியோடு ஒரு முழு நாள்

இந்தப் படியைச் செய்பவர் மிகக் குறைவு. நான் வற்புறுத்துவதும் இதைத்தான். பெட்டியைத் தேர்ந்தெடுத்த இடத்தில், அதே உயரத்தில், கயிற்றால் கட்டுங்கள். மேலே இன்னொரு அட்டையைத் திறந்த மூடி மாதிரி நிமிர்த்தி ஒட்டுங்கள். வழக்கமாக வரும் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, வழக்கமான இடத்துக்குப் போய், வழக்கம்போல ஒரு நாளைக் கழியுங்கள்.

யாரிடமும் 'இதுதான் கிரில்' என்று சொல்லாதீர்கள். சொன்னால் ஒதுங்கி நடப்பார்கள். மாலையில் பெட்டியைப் பாருங்கள். எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஈரக்கை பட்டிருக்கிறது, யாருடைய துண்டு அதன் மேல் காய்கிறது என்பதெல்லாம் தெரியும். ஒரு நண்பரின் பொண்டூனில் இடதுபின்மூலை எல்லாக் கணக்கிலும் சரியாக வந்தது. பெட்டி கட்டிய அன்று மாலை அதன் மேல் நான்கு துண்டுகளும் ஒரு உயிர்காப்பு உடுப்பும் கிடந்தன. துண்டு காயப்போடும் இடம் என்று அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. முன்பக்க வேலியில் ஒரு கொடி கட்டிக்கொடுத்து, இரண்டாவது முறை பெட்டி சுத்தமாகத் திரும்பி வந்த பிறகுதான் பிடியை வாங்கினோம்.

வகைக்கு வகை எனக்குக் கிடைத்த முடிவைச் சொல்கிறேன். பொண்டூன்: பெட்ரோல் வாயும் ஏணியும் இல்லாத பின்மூலை, வேலிக்கு வெளியே. திறந்த மோட்டார் படகு: இதுதான் மிகச் சிக்கல், ஏனென்றால் கம்பியே குறைவு, பின்னால் எஞ்சின் மூடி, சுற்றிலும் வினைல். அதில் கிரில் பொருத்தாமல், கரையில் இறக்கி வைத்துச் சமைக்கும் சிறு கிரிலே போதும் என்று இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பின்னால் நீச்சல் மேடை உள்ள குரூசர்: மேடையின் ஓரத்தில், ஏணிக்கு எதிர்ப்பக்கம், எஞ்சின் முழுதாக நின்று, அதன் அறையின் காற்றாடி ஓடி முடிந்த பிறகு. பாய்மரப் படகு: பின்கம்பியில், உயிர்காப்பு வளையத்துக்கு எதிர்ப்பக்கம், பாய்க்கயிறுகள் உரசாத உயரத்தில்.

## 9. வாங்குவதும் முதல் தீயும்

இப்போது கடைக்குப் போகலாம். இடம் காட்டிய எடையும் மூடி திறக்கும் திசையும் கையில் இருக்கிறது. மூடி காற்றுக்கு எதிராகத் திறந்து ஒரு தடுப்பாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுடர் அணைந்து வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். நன்னீரில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு போதும். கடலில் என்றால் 316.

முதல் முறை பொருத்தியதும் பற்றவைக்காமல், சிலிண்டரைத் திருகி, வால்வு, குழாய், இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புநீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இதைச் செய்யுங்கள். குளிர்காலம் முழுவதும் கிடந்த ரப்பர் வளையம் வெடித்திருக்கும்.

முதல் தீயைக் காற்று குறைந்த நாளில், படகில் பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது, உணவே வைக்காமல் பதினைந்து நிமிடம் எரியுங்கள். எரியும்போது சுற்றிலும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: கம்பி, இருக்கை ஓரம், ஃபைபர் கிளாஸ், கூரைச் சட்டம். கையை வைத்திருக்க முடியாத சூடு எங்கே தெரிகிறதோ, அங்கே இன்னும் பத்து சென்டிமீட்டர் தள்ள வேண்டும்.

சமையல் முடிந்ததும் சிலிண்டர் வால்வை முதலில் மூடி, குழாயில் மிஞ்சியது எரிந்து தீரும்வரை காத்திருந்து, அப்புறம் கிரிலின் திருகை மூடுங்கள். சூடு ஆறியதும் சிலிண்டரைக் கழற்றி வெளிப்பைக்குள். கிரில் ஆறும் முன் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம், பெட்ரோல் நிரப்பவும் போக வேண்டாம். நான் இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறேன். குழந்தைகள் கடைசியாக ஒருமுறை நீந்திவிட்டு வர அந்த நேரம் போதும்.

மூன்றாவது சமையலுக்குப் பிறகு கவ்விகளின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். சூடும் அலையும் அவற்றைத் தளர்த்தியிருக்கும். அதே சமயம் கம்பியில் கவ்வி இருந்த இடத்தை ஒட்டுநாடாவால் குறித்து வையுங்கள். அடுத்த முறை குறியிலிருந்து நகர்ந்திருந்தால் பிடி நழுவுகிறது என்று அர்த்தம்.